ஜோஆனா ஃபவுலர்: மூளைக்கு மூலக்கூறு செய்து கொடுத்தவர்

பெட் ஸ்கேன் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது அந்தப் பெரிய வளைய எந்திரம்தான். நோயாளியோடு வந்தவர்கள் கதவிடுக்கில் அதைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். மருத்துவமனை விளம்பரங்களிலும் அதன் படம்தான். ஆனால் அந்த எந்திரம் தானாக எதையும் பார்ப்பதில்லை. உடலுக்குள் ஒரு மூலக்கூறு போய்ச் சேர்கிறது. சேர்ந்த இடத்திலிருந்து வெளிவரும் கதிரை எந்திரம் எண்ணுகிறது. மூலக்கூறு வேறு எங்காவது போய் நின்றுவிட்டால், எத்தனை கோடி ரூபாய் எந்திரமும் வேறு எதையோதான் படமாகக் காட்டும்.

அந்த மூலக்கூறுகளைச் செய்கிற வேலையில் இருப்பவன் நான். மூளைப் படமெடுப்பு பற்றிப் பேச்சு வந்தால் இயற்பியலாளர்களையும் மருத்துவர்களையும் எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். என் மனத்தில் முதலில் வருபவர் ஒரு கரிம வேதியியலாளர். ஜோஆனா ஃபவுலர் என்ற அவருடைய பெயர் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. தமிழ்நாட்டில் புற்றுநோய்க்காக பெட் ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஏறக்குறைய ஒவ்வொருவர் உடம்பிலும் அவர் கை வைத்த ஒரு மூலக்கூறு ஓடியிருக்கிறது. அதற்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. அவருடைய பெரிய வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது என்பது என் எண்ணம்.

முதலில் அந்த மூலக்கூறு. எஃப்.டி.ஜி. என்று சுருக்கமாகச் சொல்கிறோம். குளுக்கோஸ் போலவே இருக்கும். இரண்டாவது கார்பனில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்திருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கதிரியக்க ஃப்ளூரின்-18 இருக்கும். இதைச் செய்யும் இடத்தில் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆக்சிஜன்-18 செறிவூட்டப்பட்ட தண்ணீர் மீது, அணுத்துகள்களைச் சுழற்றி வேகமேற்றும் சைக்ளோட்ரான் என்ற எந்திரத்திலிருந்து புரோட்டான்கள் பாய்கின்றன. உண்டான ஃப்ளூரின் மெல்லிய குழாய் வழியாக ஹாட் செல் எனப்படும் ஈயச் சுவர் கொண்ட அடைப்பறைக்குள் வந்து சேர்கிறது. உள்ளே நடப்பதை ஈயக் கண்ணாடி வழியாகவும் கணினித் திரையிலும் பார்க்கலாம். கையால் தொட முடியாது. வால்வுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்கும். அரை மணி நேரம் போல ஆன பிறகு ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் நிறமில்லாத திரவம் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. தெளிவாக இருக்கிறதா, அமிலத்தன்மை சரியா, வேறு பொருள் கலந்திருக்கிறதா என்று பார்த்து முடிப்பதற்குள் வண்டி ஓட்டுநர் வாசலில் வந்து நின்றுவிடுவார். ஈயப் பாத்திரத்தில் குப்பியை இறக்கி மூடியைத் திருகி அனுப்ப வேண்டும். அதுவரை யாரும் உட்காருவதில்லை. ஃப்ளூரின்-18 இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம், 110 நிமிடம். சென்னையிலிருந்து மூன்று மணி நேரச் சாலைத் தொலைவில் உள்ள ஊருக்குப் போய்ச் சேரும்போது, கிளம்பிய அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கும்.

ஸ்கேன் எடுக்க வருபவர்கள் வெறும் வயிற்றோடு வர வேண்டும். சர்க்கரை அளவு பார்த்த பிறகுதான் ஊசி போடுகிறார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தால் இன்சுலின் சுரந்து, கொடுத்த மருந்தைத் தசைகள் இழுத்துக்கொள்ளும். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் படுத்திருக்கச் சொல்கிறார்கள். மங்கிய விளக்கொளியில் ஒரு போர்வைக்குள் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீளமானது என்று, காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் உடம்புக்குள் நடப்பது, 1970களில் சில வேதியியலாளர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து யோசித்து வைத்தது.

அவர்கள் யோசித்தது புற்றுநோயைப் பற்றி அல்ல, மூளையைப் பற்றி. நம் உடல் எடையில் மூளை ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆனால் உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது செலவழிக்கிறது. அந்தச் செலவு பெரும்பாலும் குளுக்கோஸ். மூளையின் எந்தப் பகுதி அதிகம் வேலை செய்கிறதோ அது அதிகம் குளுக்கோஸ் எடுக்கும். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் லூயி சோகோலாஃப் இதை விலங்குகளில் அளந்து காட்டிக்கொண்டிருந்தார். அவர் பயன்படுத்தியது கார்பன்-14 சேர்த்த டியாக்சிகுளுக்கோஸ், அதாவது இரண்டாவது கார்பனில் ஆக்சிஜன் இல்லாத குளுக்கோஸ். அதில் ஒரு தடை: கார்பன்-14 இன் கதிர் மண்டையோட்டைத் தாண்டி வெளியே வராது. விலங்கைக் கொன்று மூளையைச் சீவி எடுத்துத்தான் பார்க்க முடியும். உயிரோடு இருக்கும் மனிதரில் இதைப் பார்க்க வேண்டும் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ரைவிச், டேவிட் குல் ஆகியோர் விரும்பினார்கள். அந்தக் கேள்வியோடு நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தின் கதவைத் தட்டினார்கள்.

அங்கே ஆல்ஃபிரட் வுல்ஃப் தலைமையில் ஒரு சிறு வேதியியல் குழு இருந்தது. ஃபவுலர் அதில் சேர்ந்தது 1969இல். 1942இல் ஃபுளோரிடா மாநிலத்தின் மயாமியில் பிறந்தவர். சௌத் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இளங்கலை, கொலராடோவில் முனைவர் பட்டம், பிறகு இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியாவில் சிறிது காலம். புரூக்ஹேவனில் காலடி வைத்த பிறகு அவர் வேறு எங்கும் போகவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஆய்வகம். இது தற்செயல் அல்ல என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த அணுவை மாற்றுவது என்பதுதான் மேசையில் இருந்த கேள்வி. குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைந்ததும் ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதன் ஆறாவது கார்பனில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. பாஸ்பேட் ஒட்டிய பிறகு அதனால் செல்லைவிட்டு எளிதில் வெளியேற முடியாது. அடுத்த நொதிதான் அதை எடுத்து மேலே கொண்டு போகும். அந்த அடுத்த நொதி வேலை செய்ய இரண்டாவது கார்பனில் ஆக்சிஜன் வேண்டும். அது இல்லாவிட்டாலும் முதல் நொதி வழக்கம்போலத் தன் வேலையைச் செய்துவிடும். இரண்டாவது நொதியால் மட்டும் தொட முடியாது. மூலக்கூறு அங்கேயே நின்றுவிடும். ஆக, இரண்டாவது கார்பன்தான் கை வைக்கக்கூடிய இடம். வேறு எந்த இடத்தில் ஃப்ளூரினை வைத்திருந்தாலும் இந்தக் கதை நடந்திருக்குமா என்பது சந்தேகம். ஒரு மூலக்கூறு எங்கே போக வேண்டும் என்பதோடு எங்கே நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்து வடிவமைத்தார்கள். ஃபவுலரின் பிற்கால வேலை முழுவதற்கும் வித்து இந்தச் சிந்தனையில் இருக்கிறது.

அதைச் செய்து முடிப்பது எளிதாக இல்லை. ஜப்பானிலிருந்து வந்திருந்த தட்சுவோ ஈடோ அந்த வேலையில் முன்நின்றார். இன்றுள்ள சுலபமான வழி அப்போது கிடையாது. அது 1986இல் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வகத்திலிருந்து வந்தது. நாங்கள் இன்று செய்வது அதைத்தான். 1976இல் கையில் இருந்தது ஃப்ளூரின் வாயு. தொட்டதையெல்லாம் தாக்கும் வாயு அது. அதன் இரண்டு அணுக்களையும் சர்க்கரை வழிப்பொருள் ஒன்றின் இரட்டைப் பிணைப்பில் சேர்த்து, பிறகு முதல் கார்பனில் உள்ள ஃப்ளூரினை நீராற்பகுத்து நீக்கினார்கள். இரண்டில் ஒன்று போனால்தான் வேண்டிய பொருள் கிடைக்கும். கஷ்டப்பட்டு உண்டாக்கிய கதிரியக்கத்தில் பாதியைத் தூக்கி எறிவதாகத்தான் அந்த வழியே அமைந்திருந்தது. எஞ்சியதையும் கடிகாரம் தின்றுகொண்டிருந்தது.

1976 ஆகஸ்டில் புரூக்ஹேவனிலிருந்து சிறு விமானத்தில் எஃப்.டி.ஜி. ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அபாஸ் அலவி, நல்ல உடல்நலத்தோடு இருந்த இரண்டு தன்னார்வலர்களுக்கு அதை ஊசியில் செலுத்தினார். படம் எடுத்தது பெட் ஸ்கேனரில் அல்ல. குல் குழு உருவாக்கிய பழைய வகை ஸ்கேனரில். இன்றைய கண்ணுக்கு அந்தப் படங்கள் மங்கலானவை. ஆனால் உயிரோடு விழித்திருக்கும் ஒரு மனித மூளை சர்க்கரை எடுப்பதை அன்றுதான் வெளியிலிருந்து பார்த்தார்கள். புற்றுநோய்க் கட்டிகளும் குளுக்கோஸை அள்ளி எடுப்பவை என்பது ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் காலத்திலிருந்தே தெரியும். 1980இல் பிராந்திகா சோம் முதல் பெயராக வந்த புரூக்ஹேவன் கட்டுரை, எஃப்.டி.ஜி.யைக் கட்டிகளைக் கண்டறியும் பொருளாக முன்வைத்தது. அதில் ஃபவுலரும் வுல்ஃபும் இருந்தார்கள். மூளைக்காகச் செய்தது இன்று பெரும்பாலும் மற்ற உறுப்புகளுக்குப் பயன்படுகிறது.

இந்த இடத்தில் பலர் நின்றுவிடுவார்கள். உலகம் முழுவதும் பயன்படும் ஒரு பொருளில் பங்கு இருக்கிறது. ஒரு வாழ்க்கைக்கு அது போதும். ஃபவுலருக்கு அது போதவில்லை. சர்க்கரை எடுப்பது மூளையின் எந்தப் பகுதி உழைக்கிறது என்று சொல்லும். எந்த வேதிப்பொருள் எந்த வேதிப்பொருளோடு பேசுகிறது என்று சொல்லாது. ஒரு நரம்பு செல்லிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கொண்டு போகும் நரம்பியக்கடத்திகள், அவற்றை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள், வேலை முடிந்ததும் அவற்றைச் சிதைக்கும் நொதிகள். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலக்கூறு வேண்டும்.

1983 இதற்கு ஒரு முக்கியமான ஆண்டு. கனடாவின் மக்மாஸ்டரில் கார்னெட் குழு, ஃப்ளூரின் சேர்த்த டோபாவைக் கொண்டு மனித மூளையின் டோபமைன் பகுதியைப் படமாக்கியது; டோபமைன் ஒரு நரம்பியக்கடத்தி, டோபா அதன் மூலப்பொருள். அதே ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹென்றி வாக்னர் தம் மூளையையே கொடுத்து டோபமைன் ஏற்பிகளைப் படம் எடுத்தார். புரூக்ஹேவனுக்கும் டோபமைனோடு பழைய உறவு உண்டு. பார்கின்சன் நோயாளிகளுக்கு டோபாவை அதிக அளவில் படிப்படியாகக் கொடுத்துப் பலன் காட்டிய ஜார்ஜ் கோட்சியாஸ், 1967இல் அந்த வேலையைச் செய்தது அங்கேதான்.

இந்த வகை ஆய்வுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது கார்பன்-11 என்ற கதிரியக்கக் கார்பன். மருந்து மூலக்கூறுகளில் ஃப்ளூரின் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கார்பன் எல்லாவற்றிலும் இருக்கிறது. சாதாரணக் கார்பன் ஒன்றை எடுத்துவிட்டுக் கார்பன்-11 ஐ வைத்தால் மூலக்கூறு துளியும் மாறாது. ஆனால் அதன் அரை ஆயுள் 20 நிமிடம்தான். நான் மேலே சொன்ன மூன்று மணி நேரச் சாலைப் பயணத்தில் அது ஐந்நூறில் ஒரு பங்காகிவிடும். எனவே சைக்ளோட்ரான், வேதியியல் கூடம், ஸ்கேனர், தன்னார்வலர், மருத்துவர் எல்லோரும் ஒரே வளாகத்தில் இருந்தாக வேண்டும். சைக்ளோட்ரானை நிறுத்திய நிமிடத்திலிருந்து ஒவ்வொரு படியும் ஒத்திகை பார்த்தது போல நடக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒரு கூட்டம் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். ஒருவர் விலகினாலும் தடுமாறும். ஃபவுலர் ஏன் ஒரே இடத்தில் இருந்தார் என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை இதுதான். இந்த வேலையை வேர் பிடித்து நின்றுதான் செய்ய முடியும்.

இனி நான் மிகவும் மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்று ஒரு நொதி, சுருக்கமாக எம்.ஏ.ஓ. டோபமைன், செரட்டோனின் போன்றவற்றைச் சிதைப்பது அதன் வேலை. ஏ, பி என்று அதில் இரண்டு வகை. பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் டெப்ரனில் அல்லது செலஜிலின் என்ற மருந்து பி வகையை அடக்குகிறது. அடக்கும் விதம் விசேஷமானது. நொதி அந்த மருந்தைத் தனக்கான உணவு என்று எண்ணிப் பிளக்கத் தொடங்குகிறது. பிளக்கும் வேளையிலேயே மருந்து நொதியோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. நொதி அதோடு முடிந்துபோகும். டெப்ரனிலில் கார்பன்-11 ஐ வைத்துச் செலுத்தினால், நொதி எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் கதிரியக்கமும் ஒட்டி நிற்கும். மனித மூளையில் இந்த இரண்டு வகை நொதிகளையும் இப்படிப் படமாக்கிக் காட்டிய ஃபவுலர் குழுவின் கட்டுரை 1987இல் சயன்ஸ் இதழில் வந்தது.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. நொதி நிறைந்த பகுதிகளில் மருந்து வந்த வேகத்தில் எல்லாமே பிடிபட்டுவிட்டது. ஆற்றின் குறுக்கே கட்டிய வலையில் வருகிற மீன் ஒன்றுவிடாமல் சிக்குகிறது என்றால், சிக்கிய மீனின் எண்ணிக்கை ஆறு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைத்தான் சொல்லும். வலை எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லாது. படத்தில் தெரிந்தது நொதியின் அளவா, ரத்த ஓட்டத்தின் அளவா என்று பிரிக்க முடியவில்லை.

அழகான படம் கிடைத்த பிறகு இப்படி ஒரு சந்தேகத்தைத் தானே எழுப்பிக்கொண்டு அதன் பின்னால் போகிற மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஃபவுலர் தேடிய தீர்வு கரிம வேதியியல் பாடப் புத்தகத்தில் இருந்தது. நொதி டெப்ரனிலைப் பிளக்கும்போது ஒரு குறிப்பிட்ட கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்கிறது. அந்த ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியத்தை, அதாவது ஒரு நியூட்ரான் கூடுதலாக உள்ள கனமான ஹைட்ரஜனை வைத்தால், பிணைப்பு சற்று வலுவாகும், உடைவது தாமதமாகும். நம் கல்லூரிகளில் எம்.எஸ்சி. வகுப்பில் ஐசோடோப்பு விளைவு என்று கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கும் அதே விஷயம். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வரும், எழுதிவிட்டு மறந்துவிடுவோம். ஃபவுலர் அதை உயிருள்ள மூளைக்குள் கொண்டு போனார். 1988இல் வந்த கட்டுரையில், டியூட்டீரியம் சேர்த்த டெப்ரனில் பபூன் குரங்கின் மூளையில் மெதுவாகப் பிடிபடுவதைக் காட்டினார். பிடிபடும் வேகம் குறைந்ததும் நொதி அதிகம் உள்ள இடமும் குறைவாக உள்ள இடமும் தெளிவாகப் பிரிந்தன. அதோடு, ஸ்கேனரில் தெரியும் அந்தக் கதிரியக்கம் உண்மையிலேயே அந்த ஒரு பிணைப்பு உடைவதால்தான் அங்கே நிற்கிறது என்பதும் நிரூபணமானது. மண்டையோட்டைத் திறக்காமல், உயிருள்ள மூளைக்குள் ஒரு வேதிவினையின் ஒற்றைப் படியைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்! எஃப்.டி.ஜி.யைவிட இதை நான் உயர்வாக வைக்கிறேன். எஃப்.டி.ஜி.க்குப் பலர் உழைத்தார்கள். யாராவது ஒருவர் எப்படியும் செய்திருப்பார்கள். இதற்கு இப்படி ஒரு மனம் வேண்டியிருந்தது.

கருவி கைக்கு வந்ததும் கேள்விகள் வரிசையாக வந்தன. செலஜிலின் மாத்திரையை நிறுத்திவிட்டால் மூளையில் நொதி மீள எத்தனை நாள் ஆகும்? ஒட்டிக்கொண்ட நொதி விடுபடாது. உடல் புதிதாகச் செய்துதான் ஆக வேண்டும். 1994இல் வந்த விடை: பாதி மீளவே ஏறக்குறைய 40 நாட்கள். மருந்து ரத்தத்திலிருந்து எப்போதோ போய்விட்டிருக்கும். அதன் விளைவு மூளையில் வாரக்கணக்கில் நீடிக்கும். ரத்தப் பரிசோதனை எதுவும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

அடுத்தது புகைபிடிப்பவர்கள். 1996இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை: புகைபிடிப்பவர்களின் மூளையில் பி வகை நொதி, பிடிக்காதவர்களைவிட 40 விழுக்காடு குறைவு. புகைப்பதை விட்டவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. அதே ஆண்டு இன்னொரு கட்டுரையில் ஏ வகையும் 28 விழுக்காடு குறைந்திருப்பதாகக் காட்டினார்கள். இதைச் செய்வது நிகோட்டின் அல்ல. புகையில் உள்ள வேறு பொருட்கள். டோபமைனைச் சிதைக்கும் நொதி குறைந்தால் டோபமைன் கூடுதல் நேரம் நீடிக்க இடமுண்டு. சிகரெட் பழக்கத்தை நிகோட்டினை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது என்பதை இந்த வேலை உரக்கச் சொன்னது. புகைபிடிக்காதவர் ஒருவர் ஒரே ஒரு சிகரெட் பிடித்தால் நொதி குறைகிறதா என்றும் சோதித்தார்கள். அளக்கும்படியான குறைவு இல்லை. பிறகு 2003இல் மூளைக்கு வெளியேயும் பார்த்தார்கள். சிறுநீரகம், இதயம், நுரையீரல், மண்ணீரல் என்று பல உறுப்புகளிலும் பி வகை குறைந்திருந்தது. மூளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு துறையை உடம்பு முழுவதையும் பார்க்க வைத்த கட்டுரை அது.

புகைபிடிப்பவர்களுக்குப் பார்கின்சன் நோய் குறைவாக வருகிறது என்று மக்கள்தொகை ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. அதற்கு இந்த நொதிக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம் என்ற ஊகம் உண்டு, நிரூபணம் இல்லை. இதைச் சொல்லிச் சிகரெட்டுக்கு வக்காலத்து வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். புற்றுநோய் வார்டுக்கு மருந்து அனுப்புகிறவன் என்ற முறையில் எனக்குக் கோபம் வருகிறது. நொதியை அடக்க வேண்டும் என்றால் அதற்கு மாத்திரை இருக்கிறது.

ஃபவுலரின் இன்னொரு பெரிய பாதை கொகெய்ன். மெக்சிகோவில் பிறந்து படித்த மனநல மருத்துவர் நோரா வால்கோவ் 1987இல் புரூக்ஹேவனுக்கு வந்தார். இன்று போதை அடிமைத்தனம் ஒரு மூளை நோய் என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவராக அவரை எல்லோருக்கும் தெரியும். 2003இல் அமெரிக்கத் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். ஒரு வேதியியலாளரும் ஒரு மனநல மருத்துவரும் ஒரே கட்டடத்தில் இருந்து ஒருவர் கேள்விக்கு மற்றவர் மூலக்கூறு செய்து கொடுப்பது எத்தனை பலன் தரும் என்பதற்கு இவர்கள் இருவரைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கொகெய்ன் மூலக்கூறிலேயே ஒரு கார்பனை மாற்றிக் கார்பன்-11 ஐ வைத்தார்கள். செலுத்தியது மைக்ரோகிராம் கணக்கில். போதை ஏறும் அளவு அல்ல. 1989இல் வந்த கட்டுரையில் தெரிந்தது: சில நிமிடங்களிலேயே அது மூளையின் நடுவில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற டோபமைன் பகுதியில் உச்சத்தைத் தொடுகிறது, அரை மணிக்குள் பாதியாகக் குறைந்துவிடுகிறது. கொகெய்ன் பயன்படுத்துபவர்கள் விவரிக்கும் போதையின் ஏற்ற இறக்கமும் ஏறக்குறைய அதே வளைவில்தான் போகிறது. பிறகு, கவனக்குறைவுக் கோளாறு உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட்டைப் பார்த்தார்கள். அதுவும் கொகெய்ன் பற்றும் அதே டோபமைன் கடத்துப் புரதத்தைத்தான், அதாவது சுரந்த டோபமைனைச் செல்லுக்குள் திரும்ப இழுக்கும் புரதத்தைத்தான் பற்றுகிறது. வாய்வழி மாத்திரையாகக் கொடுத்தபோது அந்தப் புரதத்தில் பாதிக்கு மேல் அடைபட்டும் போதை உணர்வு ஏற்படவில்லை. மாத்திரை மூளைக்குள் ஏறுவது மெதுவாக. கொகெய்னோ பாய்ந்து ஏறுகிறது. எவ்வளவு பற்றுகிறது என்பதைவிட எவ்வளவு வேகமாகப் பற்றுகிறது என்பதில்தான் வேறுபாடு.

இதைப் படிக்கும்போது எனக்குள் ஏதோ சிலிர்க்கும். 20 நிமிட அரை ஆயுளோடு வாழ்நாளெல்லாம் ஓடியவர்கள் அவர்கள். அவர்களுடைய கூடத்தில் நேரம் வெறும் தொல்லையாகத்தான் இருந்திருக்கும். மூளைக்குள் அதே நேரம்தான் போதைக்கும் மருந்துக்கும் இடையே கோடு கிழிக்கிறது என்பது அவர்களுடைய படங்களில் வந்து நின்றது. ஒரே ஒரு படம் எடுத்திருந்தால் தெரிந்திருக்காது. நிமிடத்துக்கு நிமிடம் தொடர்ந்து எடுத்ததால் தெரிந்தது.

டோபமைன் என்ற பெயர் இப்போது தமிழ் யூடியூபில் கூட அடிபடுகிறது. கைப்பேசியைத் தொட்டால் டோபமைன், இனிப்பு தின்றால் டோபமைன், ஒரு வாரம் எதையும் தொடாமல் இருந்தால் டோபமைன் சுத்தமாகிவிடும் என்கிறார்கள். உயிருள்ள மனிதரில் டோபமைன் கூடியதா என்று அறிவதற்கு எத்தனை பாடு என்று தெரிந்தவர்கள் இப்படிப் பேசத் துணிய மாட்டார்கள். டோபமைனை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. ராக்லோபிரைடு என்ற மூலக்கூறைச் செலுத்துகிறார்கள். அது டோபமைன் ஏற்பியில் உட்காரும். டோபமைன் சுரந்தால் அதே இருக்கைக்குப் போட்டி வரும், ராக்லோபிரைடின் கதிர் குறையும். அந்தக் குறைவிலிருந்து கணக்கிட்டுத்தான் டோபமைன் கூடியது என்கிறார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் சைக்ளோட்ரான் ஓட வேண்டும், மருந்து புதிதாகச் செய்ய வேண்டும். அதனால்தான் இந்த ஆய்வுகளில் ஆள் எண்ணிக்கை சிறியதாக இருக்கிறது. பத்து, இருபது பேரில் கண்டதை ஊருக்கே பொருத்திப் பேசும்போது தயக்கம் வேண்டும். வண்ணம் தீட்டிய மூளைப் படம் ஒன்றைக் காட்டினால் எதையும் நம்பிவிடுகிற பழக்கம் படித்தவர்களிடமும் இருக்கிறது. அந்த வண்ணம் கணினி பூசியது. அதன் அடியில் இருப்பது ஒரு மூலக்கூறின் நடத்தை. அந்த நடத்தை தெரியாமல் வண்ணத்துக்குப் பொருள் சொல்ல முடியாது.

குரங்குகளில் செய்த சோதனைகள் பற்றியும் கதிரியக்கத்தை மனிதர்களுக்குக் கொடுப்பது பற்றியும் சிலருக்குச் சங்கடம் இருக்கும். எனக்கும் உண்டு. ஒவ்வொரு மருந்தையும் மனிதரின் நரம்பில் ஏற்றுவதற்கு முன் அதைச் செய்தவர் அதற்காகத் தூங்காமல் கிடக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

பரிசுகளுக்குக் குறைவில்லை. பெண் வேதியியலாளர்களுக்காக அமெரிக்க வேதியியல் கழகம் வழங்கும் கார்வன் விருது 1998இல். 2003இல் தேசிய அறிவியல் அகாதமி உறுப்பினர். 2008ஆம் ஆண்டுக்கான தேசிய அறிவியல் பதக்கம், 2009இல் வெள்ளை மாளிகையில் அதிபர் ஒபாமா கையால். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் கரிம வேதியியல் படித்துவிட்டு மருந்து நிறுவன வேலை ஒன்றையே இலக்காக வைத்திருக்கும் எத்தனையோ பெண்களுக்கு இப்படி ஒரு பாதை இருப்பதே தெரியாது. எங்கள் துறைக்கு வேதியியல் படித்தவர்கள் வேண்டும். எந்திரம் வாங்குவதற்குப் பணம் கிடைக்கிறது. புது மூலக்கூறு செய்யும் கூடத்துக்கும், அதில் பத்து ஆண்டு இருந்து கற்றுக்கொள்ளப் போகும் ஆட்களுக்கும் பணம் கேட்டால் தயங்குகிறார்கள். கார்பன்-11 செய்யும் வசதி ஒரு நகரத்துக்கு வந்தால், அங்குள்ள மனநல மருத்துவர் ஒருவர் காலையில் கேட்கும் கேள்விக்கு மாலையில் ஒரு வேதியியலாளர் பதில் தேடத் தொடங்கலாம். புரூக்ஹேவனில் நடந்தது அதுதான்.

டியூட்டீரியம் சேர்த்த அந்த டெப்ரனில் இன்னும் ஓய்வு பெறவில்லை. மூளையில் பி வகை நொதி ஆஸ்ட்ரோசைட் எனப்படும் துணைச் செல்களில் நிறைந்திருக்கிறது. மூளை பாதிக்கப்படும்போது அந்தச் செல்கள் கிளர்ந்தெழுகின்றன. அல்ஸைமர் நோயை ஆராயும் சுவீடன் ஆய்வாளர்கள் அதே மூலக்கூறை எடுத்துக்கொண்டார்கள். நோய் முழுதாக வெளிப்படும் முன், நினைவாற்றல் லேசாகக் குறையத் தொடங்கிய கட்டத்தில் இருப்பவர்களிடமே ஆஸ்ட்ரோசைட்டுகளின் கிளர்ச்சி கூடியிருப்பதை 2012இல் வெளியிட்டார்கள். ரத்த ஓட்டத்தையும் நொதியையும் பிரித்துப் பார்ப்பதற்காக ஃபவுலர் மாற்றி வைத்த ஹைட்ரஜன்கள்தான் அந்தப் படங்களிலும் இருக்கின்றன.